வெளி ஆட்டம்

அத்தியாயம் 11

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்திருப்பவர்களுக்குச் சில வரிகள்.

கோவில்பட்டியில் ‘மின்மினி’ என்ற டிவி கேம் பெட்டியைச் செய்து விற்பவர் செண்பகராஜ். அந்தப் பெட்டியோடு வரும் ‘மந்தை’ விளையாட்டை எழுதியவன் அவர் தம்பி பேச்சிராஜா. மழை இறங்குவதற்குள் ஆடுகளைக் கரிசல் காட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போகிற விளையாட்டு. தென்மாவட்டங்களில் மின்மினி விற்றதே அதற்காகத்தான். தம்பி இரண்டாவதாக ஒன்று எழுதினான். வெளிக் கம்பெனிக் கேசட்டுக்காரர்கள் முகம் கோணினார்கள் என்று அண்ணன் அதை நிறுத்தி வைத்தார். சண்டை வந்தது. பேச்சிராஜா வீட்டைவிட்டுப் போனான்.

கார்த்திகை மழையில் மணியாச்சிக்குப் பக்கம் தண்டவாளத்தில் ஓர் உடல் கிடந்தது. முகம் இல்லை. சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து, தம்பிதான் என்று சொன்னவர் செண்பகராஜ். கொள்ளி வைத்தவரும் அவரே. “இது அவிய கால் இல்ல” என்று சொன்னவள், பேச்சிராஜாவின் மனைவி செல்வமாரி ஒருத்திதான். யாரும் கேட்கவில்லை. அவளும் தாலியைக் கழற்றவில்லை.

இப்போது பங்குனி.

*

செண்பகராஜின் மனைவி பிரேமா காலையிலிருந்து கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே பட்டறை, மாடியில் வீடு. கடைகளுக்குப் போகும் மின்மினிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு சிப் உண்டு. அதற்கு ஜோடியான சிப் இல்லாத கேசட் ஓடாது. வெளிக் கம்பெனிகள் விளையாட்டைச் செய்து அனுப்பும். பிரேமா சரியென்றால் அவர்களுக்கு சிப் விற்பார்கள். பெட்டி விற்பதில் கையைக் கடிக்காமலிருந்தால் போதும்; அடுப்பு எரிவது அந்த சிப்பினால்தான். சோதனை மேஜையிலிருந்த பெட்டிக்கு மட்டும் பூட்டு கிடையாது.

கேசட் அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அன்று மாலை நாலு மணிக்குக் கூட்டம். பட்டறைப் பெண்களே விலாசம் பார்த்து அழைப்பு அனுப்பியிருந்தார்கள்.

கடைசியாக ஒரு கேசட் மிஞ்சியிருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் ‘உச்சிவேளை. சொர்ணம் கேம்ஸ், மேலத்தெரு, நாகலாபுரம்’ என்றிருந்தது.

‘நாகலாபுரத்தில் கேம் கம்பெனியா?’ என்று சிரித்துக்கொண்டேதான் சொருகினாள்.

திரையில் வெயில் விரிந்தது. வேறெப்படியும் சொல்ல முடியவில்லை. கறுப்பு நிலம், வெளுத்த வானம், நடுவில் ஓர் ஆட்டுக்காரன். கம்பைப் பிடரியில் குறுக்கே போட்டு, இரண்டு கைகளையும் அதன்மேல் தொங்கவிட்டு நடந்தான். அவனுக்கு நிழல் இல்லை. பின்னால் வந்த ஆடுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தன. பாட்டு இல்லை, காலடிச் சத்தம் மட்டும்.

அந்தக் கம்பு வைக்கும் தோரணையைப் பார்த்ததுமே பிரேமாவின் கை கன்ட்ரோலில் இறுகியது. கொழுந்தன் ஸ்கூட்டர் சாவிக்காக நிற்கும்போதுகூட ஏதாவதொரு குச்சியை அப்படித்தான் வைத்துக்கொள்வான்.

ஆட்டுக்காரன் ஒரு வீட்டின் முன்னால் வந்து நின்றான். கீழே பட்டறை, மாடியில் ஜன்னல். ஜன்னலில் ஒரு பெண்.

பிரேமா வலதை அழுத்தினாள். இடதை அழுத்தினாள். அவன் நகரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, அந்தப் பெண்ணையே பார்த்து நின்றான். பிறகு டிவியிலிருந்து மூன்று சத்தம் வந்தது. ஏறி, இறங்கி, நீண்டு முடியும் ஒரு விசில்.

மாடிப்படியில் காலடி கேட்டது.

செல்வமாரி சோப்பு நுரை வழியும் கையோடு இறங்கி ஓடி வந்தாள். “யாருக்கா விசிலடிச்சது?”

பிரேமா திரையைக் காட்டினாள்.

செல்வமாரி அருகே வந்து குனிந்து பார்த்தாள். அழவில்லை. நுரைக் கையாலேயே கண்ணாடியைத் தொட்டு, ஆட்டுக்காரனின் முதுகில் விரலை வைத்தாள்.

“ஏங்க, சித்த இங்கன வாங்க!” பிரேமாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

செண்பகராஜ் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “அவன் எழுதி வச்சிருந்ததை எவனோ திருடியிருக்கான். போனவன் யாருகிட்டக் குடுத்துட்டுப் போனானோ.”

“அத்தான், வாசல்ல நின்ன புங்கமரத்த எப்ப வெட்டுனீங்க?” செல்வமாரி திரும்பாமலே கேட்டாள்.

“புது ஷெட்டு போடுததுக்கு… தையில.”

“இதுல அடிக்கட்டை மட்டுந்தான நிக்கி.”

பட்டறையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்தினார்கள்.

செண்பகராஜ் டிவியை அணைத்தார். கார்த்திகையில் கொள்ளி வைத்த கை அது. “நான் நாகலாபுரம் போயிட்டு வாரேன். நாலு மணிக்குள்ள திரும்பிருவேன்.”

“நானும் வாரேன்.”

“நீ எதுக்கு மாரி, வெயில்ல…”

“கூட்டிட்டுப் போங்க” என்றாள் பிரேமா. “அவ சொன்னத ஒருக்கக் கேக்காம விட்டது போதும்.”

*

கம்பெனி ஆம்னி வேன் எட்டயபுரம் தாண்டியது. இருபுறமும் பருத்தி எடுத்து முடித்த காடு, வெடிப்பு விட்டுக் கிடந்தது. வேலிக்கருவைப் புதரோரம் ஒரு மந்தை. உச்சி வெயிலுக்கு ஆடுகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைக் கொடுத்து வட்டமாக நின்றன. எந்த ஆட்டுக்கும் தலையில்லாதது போலிருந்தது. பக்கத்தில் ஆளைக் காணோம்.

செண்பகராஜ் வண்டியை விரட்டினார்.

“நான் என்ன மாரி செய்ய? அவங்கிட்ட ஒரு வருசம் பொறுலன்னுதான் சொன்னேன். மதுரைக் கேசட்டுக்காரரு சங்கரபாண்டி அண்ணாச்சி மெட்ராஸ் பெட்டிக்காரன்கிட்ட பேசிட்டிருந்தாரு. அவரு போனா மத்தவனும் பின்னாலயே போவான். அப்புறம் நம்ம பெட்டியில போட நம்ம ரெண்டு ஆட்டம் மட்டுந்தான் இருக்கும். ரெண்டு ஆட்டத்துக்கு எவன் பெட்டி வாங்குவான்?”

“மந்தை இல்லேன்னா ஒருத்தனாவது வாங்கியிருப்பானா?”

“வாங்கியிருக்க மாட்டான்.” அவர் ஒத்துக்கொண்டார். “ரெண்டும் நெசந்தான். அதுதான் தொந்தரவு. ஆட்டுக்கெடை போட்ட எங்க அய்யாவுக்கும் இதே பாடுதான். ஒருத்தன் காட்டுல நம்ம ஆடு மட்டும் அடைஞ்சா உரம் காணாது, வெளி ஆடும் வந்து படுக்கணும். வெளி ஆட்டைச் சேத்தா நம்ம குட்டி மிதிபடும்.”

“நீங்க குட்டிய மிதிபடாம பாத்துக்கிடல அத்தான். வெளியே பத்தி விட்டுட்டீங்க.”

ஒரு சூறைக்காற்று கரிசல் மண்ணும் சருகுமாகச் சுழன்று சாலையைக் குறுக்கே கடந்து போனது. அது போகும்வரை வண்டியை நிறுத்தினார்.

“போற அன்னைக்கி எங்கிட்ட ஒண்ணு சொன்னாவ” என்றாள் செல்வமாரி. “‘வீட்டு ஆட்டத்துக்கு எடமில்லேன்னா வெளி ஆட்டமா வாரேன்’னாவ.”

“எங்கிட்ட நீ சொல்லலியே.”

“கேக்குத நெலமையிலயா இருந்தீங்க?”

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது அவள் இறங்கிப் போய் மல்லிகைப்பூ வாங்கினாள். வேன் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் வைத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் முதல் முறை. செண்பகராஜ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இவள் சொல்வது நிஜமென்றால், தான் வாய்க்கரிசி போட்டது யாருக்கு? அந்தக் கேள்வியை அவர் அதுவரை தனக்குள்கூடக் கேட்டுக்கொள்ளாமலிருந்தார்.

*

நாகலாபுரம் மேலத்தெருவில் ஆள் நடமாட்டமில்லை. தெரு நெடுக மிளகாய் வற்றல் காய்ந்தது. காற்றிலேயே காரம் இருந்தது; செண்பகராஜ் அடுக்கடுக்காகத் தும்மினார். அந்தச் சத்தத்துக்கு ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து அந்த மூன்று சத்தம் கேட்டது. ஏறி, இறங்கி, நீண்டு.

செல்வமாரி வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்தாள்.

வாசலில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். இவர்களைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டாள்.

“சொர்ணம் கேம்ஸுங்கது…” என்று இழுத்தார் செண்பகராஜ்.

அவள் வெட்கப்பட்டாள். “எம் பேருதான் சொர்ணத்தாய். ராஜா சார் வெளையாட்டுக்கு வச்சிட்டாவ. சாரப் பாக்க வந்தீயளா? காலையில பஸ்ஸுக்குப் போயிட்டாவளே. கோயில்பட்டியில என்னமோ மீட்டிங்காம்.”

செல்வமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லா இருக்காவளா?”

“சாருக்கு என்ன? நல்லாத்தான் இருக்காவ. ராவும் பகலும் டிவி முன்னாலயே இருப்பாவ. நீங்க சாருக்குச் சொந்தமா?”

“ஆமா.”

“அப்ப உள்ள வாங்க. மோரு குடிங்க.”

பின்கட்டு அறை திறந்தே கிடந்தது. டிவியை அணைக்காமல் போயிருந்தான். ஆட்டுக்காரன் வீட்டின் முன்னால் நின்று, ஆள் இல்லாத அறையில், விசிலடித்துக்கொண்டிருந்தான். கீழே பாய், தண்ணீர்ச் செம்பு, கம்ப்யூட்டர். கொடியில் மூன்று நான்கு சட்டைகள் தொங்கின. எல்லாம் பழசு, முழங்கை தேய்ந்தவை. செல்வமாரி ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அவனுடைய வாடைதான். ஆனால் சட்டை அவனுடையதில்லை.

“அது எங்க வீட்டுக்காரரு சட்டை” என்றபடி மோரோடு வந்தாள் சொர்ணத்தாய். “அவிய பேரு கடற்கரை. அவிய வார வரைக்கும் சாரு அதத்தான் உடுத்துதாவ. ரெண்டு பேரும் ஒரே ஒசரம், ஒரே ஒடம்பு. பின்னாலேந்து பாத்தா எனக்கே சில நேரம் திக்குன்னு இருக்கும், அவியதான் வந்துட்டாவளோன்னு.”

“கடற்கரை எங்க போயிருக்காரு?” செண்பகராஜ் கேட்டார்.

“மணியாச்சிப் பக்கம். ரயில்ரோட்டுல சல்லி போடுத வேலை. கார்த்திகையில போனாவ. புது எடத்துக்குக் கிழிசலோட போவக் கூடாதுன்னு சார்தான் தன் சட்டையக் குடுத்தாவ. கைக்கடிகாரத்தக்கூடக் கழத்திக் கட்டிவிட்டாவ. அவ்வளவு நல்ல மனசு.”

செண்பகராஜ் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

“பெறவு வரவே இல்லையா?” செல்வமாரியின் குரல் தணிந்திருந்தது.

“வேலை முடியாம எப்படி வருவாவ? ஆனா போன் பேசுவாவ. டீக்கடைப் போனுக்கு. நான் ஓடிப் போறதுக்குள்ள வச்சிருவாவளாம். சார்தான் கேட்டுட்டு வந்து சொல்லுவாவ. போன வெள்ளிக்கெழமகூடப் பேசுனாவளாம். மொளகா எப்படிக் காயுதுன்னு கேட்டாவளாம். எனக்குக் காலு வலி தேவலையான்னும் கேட்டாவளாம்.”

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. நேற்றுக் கல்யாணமானவள் போலிருந்தாள்.

செல்வமாரி அந்த முகத்தைப் பார்த்தாள். தன் புருஷன் உயிரோடிருக்கிறான். அந்த நினைப்பு வந்த கையோடு அடுத்ததும் வந்தது. செத்துப்போன ஒருவனை இந்த வீட்டுக்குள் வாராவாரம் பேச வைத்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பெண் என்ன கேட்டால் மகிழ்வாள் என்று யோசித்து, மிளகாயையும் கால்வலியையும் தேடி எடுத்து, பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறான். அவன் எதையும் பொறுமையாகத்தான் செய்வான்.

அறையில் விசில் மறுபடி கேட்டது. செல்வமாரி போய் டிவியின் வயரைப் பிடுங்கினாள்.

*

கோவில்பட்டியில் கூட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். செண்பகராஜ் திரும்பவில்லை. பிரேமாவே எதிரில் உட்கார்ந்தாள்.

மதுரைச் சங்கரபாண்டி காபியைத் தொடவில்லை. “இதப் பாரும்மா. மந்தையைப் பெட்டிக்குள்ளயே வச்சுச் சும்மா குடுக்கீங்க. வாங்குனவன் அதையே ஆறு மாசம் ஆடுதான். எங்க கேசட்டை எவன் காசு குடுத்து வாங்குவான்?”

“மந்தையாலதான அண்ணாச்சி பெட்டியே வீட்டு வாசப்படி ஏறுது? ஏறின பெறவு வருசம் பூரா ஓடுதது ஒங்க கேசட்டுதான. எங்களது ஒண்ணே ஒண்ணு. ஒங்களுது எத்தனை?”

“இன்னைக்கி ஒண்ணு. நாளைக்கு ரெண்டு, மூணுன்னு வராதுன்னு என்ன நிச்சயம்? பூட்டும் ஒங்ககிட்ட, சாவியும் ஒங்ககிட்ட. எங்க ஆட்டம் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்குததும் நீங்க. ஒங்க ஆட்டத்துக்குப் போட்டியா நான் ஒண்ணு கொண்டுவந்தா அத நேர்மையாப் பாப்பீங்களா?”

அந்தக் கேள்வி பிரேமாவைக் குத்தியது. அதில் நியாயம் இருந்தது.

“பாப்பேன். சரியா இருந்தா எங்களதத் தோக்கடிக்கிற ஆட்டத்துக்கும் சிப் குடுப்பேன்” என்றாள்.

“வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம். புதுசா ஒங்க சொந்த ஆட்டம் எதுவும் வராதுன்னு எல்லார் முன்னாலயும்…”

சங்கரபாண்டி பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை பிரேமாவின் தோளைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது. கையிலிருந்த பேனா மேஜையில் விழுந்து உருண்டது. பேச்சிராஜாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மதுரையிலிருந்து மாலையோடு வந்தவர் அவர்.

வெளியே, புங்கமரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்திலிருந்து, யாரோ மாடியைப் பார்த்து விசிலடித்தார்கள்.

பிரேமா திரும்பிப் பார்க்கவில்லை.

*

நாகலாபுரத்தில் செண்பகராஜ் செல்வமாரியை வேன் பக்கம் கூப்பிட்டார். கிசுகிசுத்தார்.

“இப்ப எதுவும் வாயத் தெறக்காத. மொதல்ல அவனப் பிடிப்போம். அவன் அங்கனதான் வந்து நிப்பான், நாலு பேர் நடுவுல. இது வெளிய தெரிஞ்சா போலீசு வரும். வேற ஒருத்தன் பொணத்தத் தம்பின்னு சொல்லி எரிச்சவன் நான். கம்பெனி, பேரு, எல்லாம் போயிரும் மாரி. ஏறு.”

“அவளுக்கு?”

“பெறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம். ஒரு வாரம்… பத்து நாள்…”

“அதுக்குள்ள வெள்ளிக்கெழம வந்துரும் அத்தான்.”

அவர் அவளைப் பார்த்தார்.

“நான் எம் புருஷன் இருக்காவன்னு தேடி வந்தேன். இருக்காவ. அது போதும் எனக்கு இன்னைக்கி. இவ புருஷன் இல்லன்னு சொல்லாம நான் வண்டியில ஏற மாட்டேன். நீங்க போங்க. அக்கா தனியா இருக்கா.”

செண்பகராஜ் வேன் கதவைப் பிடித்தபடி, “அந்த மனுசனுக்கு நான் முறையா எல்லாம் செஞ்சேன்னு சொல்லு. மொட்டை போட்டேன். எதையும் கொறைக்கலன்னு சொல்லு” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

புழுதி அடங்கியது. தெருவில் மறுபடி யாருமில்லை.

“அண்ணாச்சி போறாவளே, நீங்க போவலையா?” சொர்ணத்தாய் காம்பு கிள்ளுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

செல்வமாரி அவளுக்கெதிரே தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிளகாய்க் காரம் விரல்களில் ஏறியது.

“என்ன தாயீ?” சொர்ணத்தாயின் சிரிப்பு பாதியில் நின்றது.

செல்வமாரி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மணியாச்சி, மழை, தண்டவாளம், நாலு மாதம் என்று நாலைந்து வார்த்தைதான்.

சொர்ணத்தாய் அலறவில்லை. கைகளை உருவிக்கொள்ளவும் இல்லை. காய்கிற மிளகாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, கணக்கு இடிக்கிற இடத்தைக் கேட்பவள் போல மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப, போன வெள்ளிக்கெழம பேசுனது யாரு?”

கல்யாணமான நாளிலிருந்து செல்வமாரி தன் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. போலீஸ்காரர் கேட்டபோதுகூடப் பிரேமாதான் சொன்னாள்.

“பேச்சிராஜா” என்றாள்.